மூன்று பத்துக்கு எரிந்த மோட்டார்

மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சிங்கவரத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் டவுன் பஸ். மோட்டார்க்காரரின் மனைவி கொட்டகையிலிருந்து ஓடிவந்து, செஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மூன்று பத்து பஸ்ஸை நிறுத்தி, சந்தைக்குப் போயிருந்த தன் வீட்டுக்காரருக்குக் கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பினார். நான்கு மணிக்குள் அந்த மனிதர் எங்கள் கடைவாசலில் நின்றார். அந்த மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள், எங்கள் பேச்சில் காயில், கட்டியது எங்கள் கடை. கட்டி இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காயிலில் கம்பி குறையவில்லை. என் அண்ணன் எதையும் எடுக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டே நீங்கள் மேலே படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தெரியாமல் நான்கு நாட்கள் இருந்தோம். அந்த நான்கு நாட்களில்தான் எல்லாம் நடந்தது.

என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்டார்கள். எட்டு நாட்களுக்கு முன்பு, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகளின் அலமாரியை, அவள் குளிக்கப் போயிருந்தபோது திறந்தேன். பத்து நாளாக அவளுக்குப் பார்சல் வந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே இருக்கும்போதெல்லாம் கதவு பூட்டியிருந்தது. அறையில் ஒரு வாசனை. அலமாரியில் ஊசி இல்லாத சிரிஞ்சுகள் ஒரு கட்டு, ரப்பர் கையுறை, சின்னத் தராசு, பாட்டிலில் தேன் நிறத் திரவம். அவள் தலையில் துண்டோடு வெளியே வந்ததும் நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். ஒரு அடியும் அடித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்து என் முன் வைத்தாள். பிசினை ஊற்றி உறையவைத்த காதணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் காய்ந்த பூ ஒன்று. தோழிகளுக்கு விற்கிறாளாம். அன்றிலிருந்து எட்டு நாளாக, சாப்பாடு வேண்டும், வேண்டாம் என்பதைத் தவிர என்னிடம் பேச்சில்லை.

என்னை இன்னும் உலுக்கிக்கொண்டிருப்பது அந்த வாசனை. அது எங்கள் கடை வார்னிஷின் வாசனைக்கு மிக அருகில் இருந்தது. மூக்குக்கு அது தெரிந்துதான் இருந்தது. இருந்தும் கை ஓங்கியது.

செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. எரிந்த மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது எங்கள் அப்பா, நைனாவின் வேலை. இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் எப்போதும் சந்தேகத்தோடுதான் வருவார். காயிலை உள்ளே இறக்கி, கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துவிட்டால், எத்தனை சுற்று, எந்தக் கனத்துக் கம்பி என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. சுற்றைக் குறைத்தால் செம்பு மிச்சம். மோட்டார் கொஞ்ச நாள் ஓடிவிட்டு எரியும். அதனால் வல்லத்திலிருந்து வருபவரும் தளவானூரிலிருந்து வருபவரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நைனாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நைனா சத்தமாக எண்ணிக்கொண்டே சுற்றுவார். கடைக்கு நல்ல பெயர் வந்தது அந்தச் சத்தத்தால்தான். நாங்கள் தூங்கி எழுவதே சில நாள் முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்ற குரல் கேட்டுத்தான்.

அவர் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். ஆறு மாதத்துக்குள் எரிந்தால் கூலி வாங்காமல் திரும்பக் கட்டித் தருவோம். அதற்கு ஒரே ஒரு விலக்கு. நம் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும்: மோட்டார் ஓடுகிற மும்முனை மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும், அதுவும் முறை வைத்து. மற்ற நேரம் இரண்டு லைன்தான். வீட்டில் விளக்கு எரியும், கிணற்றில் மோட்டார் ஓடாது. ஆனால் கண்டன்சர் என்று ஒரு டப்பாவைச் சேர்த்துவிட்டால் இரண்டு லைனிலேயே மோட்டாரைக் கிளப்பிவிடலாம். கிளம்பும், தண்ணீரும் வரும், காயில் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். ஊரே அதைச் செய்தது. செய்தேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார். அப்படி ஓட்டி எரிந்தால் நைனாவின் வாக்கு செல்லாது.

எந்த வாரம் எந்த நேரம் மூன்று லைன் வரும் என்பது திங்கட்கிழமைதோறும் மாறும். கடையின் பச்சைக் கதவில் அதைச் சாக்பீசால் எழுதி வைப்பது என் வேலை. ஆறாம் வகுப்பில் என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் கிடைத்த பதவி. படிக்கத் தெரிந்தவர்கள் நின்று படிப்பார்கள். தெரியாதவர்கள் படித்தவரிடம் கேட்டுக்கொண்டு போவார்கள்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். ஐடிஐ முடித்துவிட்டு நைனாவோடு கடையில் இருந்தான். அந்த மாசி மாதம் அவன் பேஸ் கிட்டார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான்.

திண்டிவனத்தில் ஒரு இன்னிசைக் குழு இருந்தது. கோயில் திருவிழாக்களுக்குப் பாட்டுக் கச்சேரி நடத்துகிறவர்கள். அதில் பேஸ் வாசித்தவர் துபாய்க்குப் போகிறார் என்று தெரிந்து, அண்ணன் போய்க் கேட்டிருக்கிறான். சொந்த வாத்தியத்தோடு பங்குனிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வாங்குவதற்கு வழியில்லை. துபாய்க்காரரின் கிட்டாரைச் சிமென்ட் மூட்டைக் காகிதத்தின் மேல் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டு வந்துவிட்டான். அந்தக் காகிதம் சுருட்டிய நிலையில் வீட்டு மூலையில் நின்றது. அம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள்: "இன்னாடி இது, யாரோ பொண்ணு உருவமாட்டம் இருக்குது?" அன்று முதல் அம்மாவுக்கும் அவன் மேல் ஒரு கண்.

உடம்புக்குப் பலாப்பலகை. கழுத்துக்கு எங்கள் வீட்டு உடைந்த கட்டிலின் தேக்குச் சட்டம். முப்பது வருடம் காய்ந்த மரம் வளையாது என்றான். கழுத்தின் குறுக்கே பதிக்கிற கம்பிகளுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ். அவற்றை எங்கெங்கே பதிப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. தந்தியின் நீளம் முப்பத்து நான்கு அங்குலம். அதைப் பதினேழு புள்ளி எட்டால் வகுத்தால் முதல் கம்பியின் இடம். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படி இருபது வகுத்தல். என் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நான்தான் போட்டேன். ஒன்பதாவதில் தப்புவிட்டேன். மரத்தில் அறுத்த பிறகுதான் தெரிந்தது. அண்ணன் திட்டவில்லை. அந்தத் தப்புக் கோட்டில் மரத்தூளையும் வார்னிஷையும் குழைத்து அடைத்தான். கிட்டார் முடிந்த பிறகும் அந்த இடத்தில் ஒரு இருண்ட வரி தெரிந்தது. கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

துபாய்க்காரர் தன் பழைய தந்திகளையும், வேறு ஒரு உடைந்த கிட்டாரிலிருந்து கழற்றிய நான்கு முறுக்காணிகளையும் கொடுத்திருந்தார். பழைய தந்தியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் ஓசை திரும்பும் என்று யாரோ சொன்னார்களாம். அம்மா சோறு வடிக்கும் குண்டானில் நான்கு தந்திகளும் சுருண்டு கொதித்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்த காலையை மறக்க முடியாது. அந்தக் குண்டானில் அதற்குப் பிறகு சோறு வைக்கவில்லை. முறுக்காணிகளை அண்ணன் சாம்பல் போட்டு இரண்டு நாள் தேய்த்தான். புதுசு போல ஆகிவிட்டன. அது பின்னால் அவனுக்கு எதிராக வந்தது.

மரமும் தந்தியும் நைனாவுக்குத் தெரியும். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கடை வேலை நிற்காதவரை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் செய்தது ஒன்றே ஒன்றுதான். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காயில் ஒன்று கிட்டாரின் வயிற்றில் வேண்டும். காந்தம், உடைந்த ஸ்பீக்கரில் கிடைத்தது. கம்பி, பழைய வால்வு ரேடியோவின் டிரான்ஸ்பார்மரைப் பிரித்து எடுத்தது. தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. அதை ஏழாயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். சுற்றுகிற மெஷின் எங்கள் கடையில்தான் இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினால், அதன் மேல் ஐந்து சிறு சன்னல்களில் எண்கள் உருளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடைக்கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் கைப்பிடியைச் சுழற்றினான். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் துணி வைத்துப் பிடிப்பது நான். இறுக்கினால் அறும், விட்டால் தொளதொளக்கும். இரண்டு முறை அறுந்தது. கம்பி இருப்பதே விரலுக்குத் தெரியாது. துணியில் ஒரு சூடு மட்டும் ஓடும். ஏழாயிரத்து இருநூறில் நிறுத்தினான். வார்னிஷில் முக்கி எடுத்து வெயிலில் வைத்தோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, தேன் நிறக் கட்டி.

எண்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடு பாப்பா என்று சொல்லிவிட்டுப் போனான். நான் திருப்பவில்லை. மறக்கவும் இல்லை. அவ்வளவு பெரிய எண்ணை அந்தச் சன்னல்களில் நான் பார்த்ததே கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலையில் நைனா மெஷின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, அலமாரியிலிருந்த கம்பி உருளைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். அன்று முதல் அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

இதை நான் இப்போதுதான் புரிந்துகொள்கிறேன். நைனா வாழ்நாளெல்லாம் மோட்டார்க் காயிலே கட்டியவர். அவருக்கு ஒரு காயில் என்றால் நாற்பத்திரண்டு சுற்று. அந்த நாற்பத்திரண்டு சுற்றைக் கையில் வைத்தால் கனம் தெரியும். ஏழாயிரத்து இருநூறு என்றால் அவர் கணக்கில் அது பல மோட்டார்களின் செம்பு. தொழில் தெரியாத ஒருவர் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் என்னடா இது என்று கேட்டிருப்பார். தொழில் தெரிந்ததால் அவருக்குக் கேட்கவே தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் கிட்டார் பேசியது. அண்ணன் அதை வீட்டு ரேடியோவில் பொருத்தி, கனமான தந்தியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டான். சத்தம் காதில் கேட்பதற்கு முன் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றிய லாரி போகிறது என்று நினைத்து அம்மா வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, மலையில் பாறைக்கு வெடி வைக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் பீரோவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ உயிருள்ள ஒன்று இருப்பது போல இருந்தது.

நைனா நடைவாசலில் நின்று கேட்டார். பிறகு வந்து, கிட்டாரின் வயிற்றில் பதித்திருந்த கட்டியை விரலால் தொட்டார்.

"இதுக்குள்ள எவ்ளோ காப்பர் இருக்குது?"

"ரெண்டு மூணு தீப்பெட்டி எடை இருக்கும் நைனா. அவ்ளோதான்" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டே சொன்னான். நைனா முறுக்காணிகளின் பளபளப்பைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அன்று அதை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை சுற்றில் இவ்வளவுதான் இங்கே இருக்கிறதென்றால் மீதிச் செம்பு எங்கே போனது, இந்த ஆணிகள் எதைக் கொடுத்து வந்தன என்று அவர் மனம் ஓடியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சிங்கவரத்து மோட்டார் எரிந்தது.

சிங்கவரத்துக்காரர் கடைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார். மல்லாட்டையில் விழுது இறங்குகிற நேரம். இந்த வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் காய் பிடிக்காது. மூன்று பத்துக்குப் புகைந்தது, பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும் என்றார். போன தடவை காயில் சுற்றியது யார் என்று கேட்டார். அண்ணன், நான்தான் என்றான். அது உண்மை. அன்று நைனா வேறொரு கிணற்றில் மோட்டார் இறக்கப் போயிருந்தார். எண்ணும் சத்தம் அன்று கடையில் கேட்கவில்லை. அண்ணன் வாய்க்குள்ளேயே எண்ணுவான்.

நைனா அப்போது கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி. அது அவர் தொழிலில் முதல் கேள்வி. அவர் அதைக் கேட்கவில்லை. அவர் பார்வை மெஷினின் சன்னல்களுக்குப் போனது, அங்கிருந்து அண்ணன் முகத்துக்குப் போனது. சிங்கவரத்துக்காரர் அதைக் கவனித்துவிட்டார். சந்தேகப்படுகிற மனிதனுக்கு இன்னொருவர் சந்தேகம் சட்டென்று தெரியும்.

அன்று விளக்கு வைத்த பிறகு நைனா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"நானு கல்யாணத்துக்குப் போன ஞாயித்துக்கெழம அண்ணன் மெஷின்ல சுத்தினானா?"

"ஆமா நைனா."

"காப்பர் கம்பிதான?"

"ஆமா."

"எத்தினி சுத்து?"

"ஏழாயிரத்து எரநூறு. நான்தான் பாத்தேன்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் பெருமையாகச் சொன்னேன். மூன்று கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன். கம்பி முடியைப் போல மெல்லிசு என்று சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

புதனும் வியாழனும் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. எரிந்த காயிலை அறுத்து எண்ணினால் தெரிந்துவிடும் என்று அண்ணன் சொன்னான். அறுத்து நீங்களே எண்ணி நீங்களே சொல்லுவீர்கள், எனக்கு எண்ணத் தெரியுமா என்றார் சிங்கவரத்துக்காரர். மோட்டாரை யாரும் தொடக்கூடாது, வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன், கம்பி குறையவில்லை என்று அதன் மேல் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், எனக்கு அது போதும் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். படித்தவர்களும் அதில் விளையாட மாட்டார்கள்.

நைனா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் நினைத்திருந்தால் சிங்கவரத்துக்கே போய், நான்கு பேரை வைத்துக்கொண்டு அறுத்து எண்ணியிருக்கலாம். எண்ணிக்கை என்னவாக இருக்கும் என்று அவர் பயந்தார் என்று நினைக்கிறேன். அம்மா வியாழக்கிழமை என் தலையைப் பின்னிக்கொண்டே, "உங்கண்ணன் எடுத்திருப்பானாடி?" என்று கேட்டார்கள். எடுக்கவில்லை என்று நான் சொன்னேன். அம்மா பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்துபோனார்கள். நான் சொன்னதை நம்பியது போலத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையைச் சொல்வதற்கு முன், பிறகு நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அவை அதிகம் இல்லை.

வெள்ளி மாலை நைனா தனியாக உட்கார்ந்து அந்த மோட்டாரின் காயில்களை ஒவ்வொன்றாக அறுத்து எண்ணினார். சத்தமில்லாமல் எண்ணினார். ஒவ்வொன்றிலும் நாற்பத்திரண்டு. கதவருகில் நின்றிருந்த என்னிடம், "சரியா இருக்குது" என்றார். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. மறுநாளே அந்த மோட்டாரைக் கூலி வாங்காமல் தானே கட்டி, தானே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்.

அண்ணன் அடுத்த வாரம் கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினான். பல வருடம் அந்தக் குழுவில் வாசித்தான். பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நைனா போனபோது வந்து கொள்ளி வைத்தான். இருவருக்கும் நடுவில் சண்டை என்று ஒன்றும் இருக்கவில்லை; பண்டிகைக்கு வருவான், போவான், சாப்டியா என்பார் நைனா, சாப்ட்டேன் என்பான். கிட்டார் எங்கே என்று அவனிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை வேனிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். ஒரு தடவை மழையில் நனைந்து கழுத்து பிரிந்துவிட்டது என்றான். இன்னொரு தடவை, யாரிடமோ கொடுத்துவிட்டேன் என்றான். எது உண்மை என்று தெரியவில்லை. என்னிடம் அவன் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் சில சமயம் தோன்றுகிறது.

மெஷினைக் கடையோடு விற்றுவிட்டோம். தப்பாகப் போட்ட ஒன்பதாவது வகுத்தல் இருந்த நோட்டும் இல்லை.

இனி வெள்ளிக்கிழமை.

காலை ஒன்பது மணிக்குச் சிங்கவரத்துக்காரர் டயர் வண்டியில் மோட்டாரைக் கொண்டுவந்து கடைவாசலில் இறக்கினார். கருகிய வார்னிஷ் நாற்றம் ரோடுவரை அடித்தது. அம்மன் கோயிலில் வைத்து எடுத்த கற்பூரத்தை வெற்றிலையில் மடித்து மடியில் வைத்திருந்தார். வேறு வேலையாக வந்த மூன்று நான்கு பேர் ஒதுங்கி நின்றார்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு பச்சைக் கதவை ஒட்டி நின்றேன். முதுகில் சாக்பீஸ் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார்கள். நான் நகரவில்லை.

அவர் மோட்டாரின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

"இன்னா மெக்கானிக்கு, பேசிப் பேசி இன்னா ஆவப்போவுது. ஊரே மோட்டாரு ஓட்டுது. எம்மோட்டாரு மட்டும் ரெண்டாவது தபா எரியுது. நாப்பத்திரண்டு சுத்து இருக்குதுன்னு சொல்லி அணைச்சிடு. நான் வண்டியத் திருப்பிக்கினு போயிடறேன்."

நைனா தன் வேலை மேசைக்குப் பின்னாலேயே நின்றார். கையில் ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை. தன் கையால் சுற்றாத காயிலுக்கு அவர் எப்படிச் சத்தியம் செய்வார்?

அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். குளித்து, நெற்றியில் விபூதி வைத்திருந்தான்.

"சுத்தினது நான். நானே அணைக்கறேன்" என்று சொல்லிக் குனிந்தான்.

நைனா அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மேசையைச் சுற்றிவந்து அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "வேணாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "வேணாம்டா. உள்ள போ."

பொய்ச் சத்தியம் பிள்ளையை ஏதாவது செய்துவிடுமே என்ற பயம் அது. இன்று நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்; அந்தக் கை ஏன் நீண்டது என்று எனக்குத் தெரிகிறது. அண்ணனுக்கு அன்று வேறொன்று தெரிந்தது. பிடிபட்ட கையை அவன் இழுக்கவில்லை. நைனாவின் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப நானு எடுத்தேன்னுதான் நெனைக்கற."

நைனா கையை விடவில்லை. கற்பூரம் தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. சிங்கவரத்துக்காரர் ஒதுங்கி நின்றவர்களிடம் திரும்பி, பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினார். உள்ளே அம்மா அழ ஆரம்பித்தது கேட்டது.

அப்போதுதான் ஒரு அம்மாள் ரோட்டைக் கடந்து வந்தார். சிங்கவரத்திலிருந்து வயல்வழியாக நடந்தே வந்திருக்க வேண்டும். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. சிங்கவரத்துக்காரர், "நீ ஏன் வந்த, வூட்டுக்குப் போ" என்றார். அந்த அம்மாள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. கூட்டத்தை விலக்கி, மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்தபோது கையில் கரி வட்டமாக இருந்தது. அதைப் புடவையில் துடைக்கவில்லை.

"எங் கையால கண்டன்சரப் போட்டு ரெண்டு லைன்ல ஓட்டினது நான்தான். இவருதான் ஓட்டச் சொன்னாரு. பயிரு காயுது, இன்னா பண்றது. இந்தப் புள்ளயக் கற்பூரம் அணைக்க வுட்டுட்டு நான் வூட்ல குந்திக்கினு இருந்தா அம்மன் என்னைச் சும்மா வுடுவாளா?"

பிறகு எழுந்து, என் பின்னாலிருந்த கதவைப் பார்த்தார். நான் நகர்ந்தேன். திங்கட்கிழமை நான் எழுதியது அப்படியே இருந்தது: காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை.

அவர் நைனாவிடம் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. எழுதியிருக்கறத நாலு பேருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சிக்கிறவ நான். மூணு பத்துக்கு எரிஞ்சிச்சுன்னு இவரு வந்து சொன்னாரே, அந்நேரத்துல மூணு லைன் கரண்ட் ஏதுன்னு உங்க வூட்ல ஒருத்தரு கூடவா கேக்கல?"